ஆஃபியா தரட்டும்

தோஹாவில் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த அன்று அவர்களை வரவேற்றது ஓடாத லிஃப்ட்தான். இதில் வேடிக்கை என்னவென்றால் மிலூத் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நான்கு மாதம் முன்னால் தனியாக வந்து வேலையில் சேர்ந்து, வீடு பார்த்து, இப்போதுதான் மொரோக்கோவிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளை வரவழைத்திருக்கிறான். வீடு மூன்றாவது மாடி. செத்துக் கிடந்த லிஃப்டின் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் நமக்கு வேலைக்குப் பஞ்சமில்லை என்று சிரித்தான். அவன் மனைவி பஹீஜா சிரிக்கவில்லை. இடுப்பில் இரண்டு வயது இல்யாஸ், கையில் ஆறு வயது கவ்தர், தலைக்கு மேலே ஆகஸ்ட் மாத வெயில்.

ஏழு வருஷம் அவள் மொரோக்கோவின் மிக்னாஸ் நகரில் மாமியார் வீட்டில் ஒரே அறையில் குடித்தனம் செய்தவள். இரண்டு ஓரகத்திகள், ஒரே அடுப்பு. யார் முதலில் தண்ணீர் வைப்பது என்பதில் ஆரம்பித்தால் பிற்பகல் அஸர் தொழுகை வரை சண்டை நீளும். தனக்கென்று ஒரு கதவு வேண்டும், அந்தக் கதவைத் தட்டி நாலு பேர் வரவேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். விமானத்தில் வரும்போதே கவ்தரிடம் சொல்லி வைத்தாள். போகிற இடத்தில் ஊரோடு ஒத்துப்போக வேண்டும், யாரோடும் வம்பு கூடாது, ஒரு வருஷத்தில் நாமும் அந்த ஊர்க்காரர்கள் ஆகிவிட வேண்டும். கவ்தர் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே பக்கத்து சீட்டுக்காரரிடம் தன் பாட்டி வீட்டுப் பூனையின் கதையை முழுசாகச் சொல்லி முடித்தாள். அப்படி ஒரு வாயாடி. அவளைப் பெற்றபோது நாக்கை மட்டும் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள் என்று மிலூத் சொல்வான்.

சாமான்கள் மேலே வந்ததும் பஹீஜா செய்த முதல் காரியம் ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி வீட்டின் நான்கு மூலையிலும் விரலால் தெளித்தது. அவள் ஊரில் புதுவீடு புகுந்தால் எல்லாரும் செய்வதுதான். வீடு பால்போல இருக்கட்டும் என்று ஒரு வேண்டுதல். அடுத்து வாசலில் ஒரு பிடி உப்பு, கொஞ்சம் சாம்பிராணிப் புகை. கதவு விரியத் திறந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எதிர்வீட்டுக்காரி தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள்.

ஜோர்டான்காரி. உம்மு தாலா என்று பெயர். பதினொரு வருஷமாக அந்தக் கட்டடத்தில் இருக்கிறாள். கட்டடத்தின் சாவிக்கொத்து வாட்ச்மேனிடம் இருந்தாலும், யாரை உள்ளே சேர்ப்பது, யாரை ஒதுக்குவது என்பது அவள் கையில் இருந்தது. பஹீஜாவின் விரலிலிருந்து சொட்டிய பாலையும் பார்த்தாள், மூலையையும் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வேர்த்து விறுவிறுத்து நிற்பவர்களைப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்வதைச் சொன்னாள்.

"அல்லா உங்களுக்கு ஆஃபியா தரட்டும்."

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. வெந்துவிடும் என்று நம்புகிற ஊர் பஹீஜாவுடையது. நெருப்புக்கு அரபியில் 'நார்' என்று பெயர். அந்தப் பெயர் நரகத்துக்கும் சேர்ந்த பெயர் என்பதால் மொரோக்கோக்காரர்கள் அதை வாயில் எடுப்பதில்லை. அடுப்பில் எரிவதையும் தீக்குச்சியில் எரிவதையும் 'ஆஃபியா' என்பார்கள். ஆஃபியா என்றால் சுகம். நல்ல பெயரில் கூப்பிட்டால் நெருப்பு நல்லபடியாக நடந்துகொள்ளும் என்று எந்தக் காலத்திலோ யாரோ ஐஸ் வைத்திருக்கிறார்கள், அதுவே பெயராகிவிட்டது. மற்ற அரபிகளுக்கு ஆஃபியா இன்றும் வெறும் சுகம்தான். டிவி நாடகம் பார்த்துப் பார்த்து பஹீஜாவுக்கு இது தெரியும். தெரிந்தும், வாசலில் நின்று ஒருத்தி அதைச் சொன்னபோது அவள் கண் தானாகச் சமையலறைப் பக்கம் போனது. கவ்தருக்கு ஒன்றும் தெரியாது. புதுவீட்டு வாசலில் வந்து நின்று, அல்லா உங்களுக்கு நெருப்பைத் தரட்டும் என்று ஒரு பொம்பளை சாபம் விடுகிறாள். அம்மா என்னடாவென்றால் இளித்துக்கொண்டு தட்டை வாங்குகிறாள்.

கவ்தர் அம்மாவின் பாவாடைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆஃபியாவை அல்லா ஒனக்குத் தரட்டும். ஒன் வீட்டுக்குத் தரட்டும். ஒன் புள்ளைக்கும் சேத்துத் தரட்டும்."

உம்மு தாலாவுக்குப் பூரித்துப்போய்விட்டது. ஆமீன் ஆமீன் என்றாள். இந்த வயதில் இப்படி மரியாதை தெரிந்த பிள்ளையைத் தான் பார்த்ததே இல்லை என்று கன்னத்தில் இரண்டு முத்தம் கொடுத்தாள். கவ்தர் கன்னத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். கதவைச் சாத்திய பிறகு பஹீஜா தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். வந்த இடத்தில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

ஒரு மாதம் நன்றாகவே போனது. எந்தக் கடையில் கீரை நன்றாக இருக்கும், மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கும் முன் காலையில் எத்தனை மணிக்குப் பிடித்து வைக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் யாரைப் பார்க்க வேண்டும், எல்லாம் உம்மு தாலாதான் சொல்லிக்கொடுத்தாள். அவள் மகள் தாலாவுக்கு ஒன்பது வயது. அவளும் கவ்தரும் மாடிப்படியில் உட்கார்ந்து பொம்மை வைத்து விளையாடினார்கள். பெண்கள் பஹீஜாவை உம்மு இல்யாஸ் என்று கூப்பிட்டார்கள், இல்யாஸின் தாய் என்று. மிக்னாஸில் அப்படிக் கூப்பிடும் பழக்கம் கிடையாது. முதல் தடவை காதில் விழுந்தபோது அவளுக்கு யாரோ பட்டுத் துணி போர்த்திவிட்ட மாதிரி இருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும். காபிக்குக் கூடிய ஒரு காலையில் பஹீஜா எல்லாரையும் சிரிக்க வைக்க ஆசைப்பட்டாள். ஆஃபியா கதையை எடுத்துவிட்டாள். எங்கள் ஊரில் அதற்கு இன்ன பொருள், நீங்கள் வாழ்த்தினீர்கள், என் மகள் சாபம் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தாள், நீங்களோ முத்தம் கொடுத்தீர்கள் என்று நடித்தே காட்டினாள். இரண்டாம் மாடி எகிப்துக்காரி நஜ்வா கண்ணீர் வரச் சிரித்தாள். உம்மு தாலாவும் சிரித்தாள். ஆனால் எல்லாரும் நிறுத்தும் முன் அவள் நிறுத்திவிட்டாள்.

"அப்போ வந்த அன்னிக்கே ஒம் பொண்ணு எங்க வீட்டுல நெருப்பு விழட்டும்னு சொல்லிருக்கா. நானும் ஆமீன் போட்டிருக்கேன். அதானே?"

"கொழந்ததானேக்கா. அதுக்கு என்ன தெரியும்."

"சரி, அது கொழந்த. மூலைக்கு மூல பால் தெளிச்சது யாரு? அதுவும் கொழந்தயா?"

நஜ்வா பேச்சை மாற்றினாள். காபி ஆறிப்போயிருந்தது.

அந்த வாரமே உம்மு தாலாவின் வாஷிங் மெஷின் புகைந்து நின்றது. பத்து வருஷத்து மெஷின், புகையாமல் என்ன செய்யும்? ஆனால் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மொரோக்கோப் பெண் என்றால் சூனியக்காரி என்று அந்தப் பக்கத்தில் ஒரு கேடுகெட்ட பேச்சு உண்டு. அவளைக் கட்டியவன் கல்யாணம் செய்துகொண்டவன் இல்லை, கட்டுப்பட்டவன் என்பார்கள். இத்தனை நாள் அந்தப் பேச்சு நாகரிகமாக உள்ளே படுத்துக் கிடந்தது. இப்போது எழுந்து உட்கார்ந்தது. பால் என்ன, உப்பு என்ன, வெள்ளிக்கிழமை சாம்பிராணி என்ன, எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் பிறந்தது. லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் இந்தப் பேச்சு மட்டும் மேலும் கீழும் நன்றாக ஓடியது.

பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதைப் பிள்ளைகள் படிக்கட்டில் வைத்து விளையாடினார்கள். கவ்தருக்குக் கரிநாக்கு என்று பெயர் வைத்தாள் தாலா. விளையாட்டு இதுதான். கவ்தர் படியேறி வரும்போது எல்லாரும் ஒரே குரலில், "அல்லா ஒனக்கு ஆஃபியா தரட்டும்" என்று கத்துவார்கள். கத்திவிட்டு, நெருப்பு நெருப்பு என்று கூவிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். பள்ளி பஸ்ஸிலும் இதேதான். கவ்தரின் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. ஒருநாள் உடையை நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரம் பொறுத்தாள், இரண்டு வாரம் பொறுத்தாள், மூன்றாம் வாரம் தாலாவின் கையைக் கடித்துவிட்டாள்.

உம்மு தாலா பல் பதிந்த கையை இழுத்துக்கொண்டு வந்து கட்டடம் பூராவும் காட்டினாள். ஒன்பது வயசுப் பெண்ணை ஆறு வயசு கடித்திருக்கிறது, ஏன் கடித்தது என்று ஒருவர் கேட்கவில்லை.

மறுநாள் பஹீஜா எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே மன்னிப்புக் கேட்டாள். நாங்கள் கெட்டவர்கள் இல்லை, எங்கள் பழக்கம் வேறு, அவ்வளவுதான் என்றாள். இந்தப் பிள்ளைகள் இங்கேதான் வளர வேண்டும், ஒதுக்கிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். உம்மு தாலா பொறுமையாகக் கேட்டாள். பொறுமை அவளிடம் நிறைய இருந்தது.

"எனக்கு ஒங்க மேல கோவமே கெடையாது. பொண்ணு வாயத் திருத்து. மத்த ஜனங்க பேசற மாதிரி பேசட்டும். அந்தப் பொகையும் வேணாம், நடையெல்லாம் நாறுது, கதவையாச்சும் சாத்தி வை. அப்புறம் தாலா தானா வெளயாட வருவா."

"இனிமே அந்த வார்த்த எம் புள்ள வாயில வராதுக்கா. வந்தா என்னக் கேளுங்க."

வீட்டுக்கு வந்ததும் சாம்பிராணி, உப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் குப்பையில் போட்டாள். கவ்தரைச் சமையலறையில் நிற்க வைத்தாள். ஒரு தீக்குச்சியைக் கிழித்தாள்.

"இது என்ன?"

"ஆஃபியா."

பஹீஜா மிளகாய்த்தூள் டப்பாவில் விரலை விட்டுப் பிள்ளையின் நாக்கில் தடவினாள். அவள் ஊர்த் தாய்மார்கள் எல்லாரும் கெட்ட வார்த்தைக்குச் செய்கிற மிரட்டல்தான். பெரும்பாலும் டப்பாவைக் காட்டுவதோடு முடிந்துவிடும். இவள் காட்டுவதோடு நிறுத்தவில்லை. கவ்தர் துடித்து அடங்கியதும் இன்னொரு குச்சியைக் கிழித்தாள். நார் என்று சொல்லச் சொன்னாள்.

கவ்தர் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஓதக் கொடுத்த உஸ்தாத் சொல்லியிருக்கிறார், அது பாவிகள் வேகிற இடத்தின் பெயர், அதைச் சொன்னால் அது நம்மைத் தேடி வரும் என்றாள். பஹீஜாவுக்கும் அதே நம்பிக்கைதான். இந்த ஊருக்கு வந்த பிறகு ஒரு தடவைகூட அவள் வாயால் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. இல்யாஸ் அடுப்பருகே போனால் 'ஆஃபியா, ஆஃபியா' என்று அவளே பதறிக் கத்துவாள். அப்போதெல்லாம் யார் நாக்கிலும் யாரும் மிளகாய் தடவவில்லை. ஆனாலும் பிள்ளையிடம் விட்டுக்கொடுக்கவில்லை. தினம் ஒரு தீக்குச்சி, தினம் ஒரு விரல்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கவ்தர் குச்சியைப் பார்த்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். எந்தப் பெயரும் சொல்லவில்லை. அதுவும் ஒரு வெற்றி என்று பஹீஜா எடுத்துக்கொண்டாள்.

"அப்போ அந்த வார்த்தைய எப்பவுமே சொல்லக் கூடாதாம்மா?"

"சொல்லலாம். பெரியவங்க வீட்டுக்குப் போனா, வேல செய்யறவங்களப் பாத்தா, 'அல்லா உங்களுக்கு ஆஃபியா தரட்டும்'னு சொல்லலாம். அதுக்கு மட்டும் தப்பில்ல. அதத் தவிர வேற எங்க சொன்னாலும் மொளகாதான்."

கவ்தர் அந்த வாக்கியத்தை மூன்று தரம் சொல்லிக் காட்டினாள். ஒரு பிழையில்லை. அதற்கு ஒரு பேரீச்சம்பழம் கிடைத்தது.

மகளின் வீங்கிய உதட்டை மிலூத் பார்க்காமல் இல்லை. வேலை முடிந்து வந்தவன் கிரீஸ் கையோடு அவளைத் தூக்கி மடியில் வைத்துப் பூனைக் கதை சொல்லச் சொன்னான். அவள் அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு சும்மா இருந்தாள்.

"என் ஈரக்கொல பேசறதையே நிறுத்திட்டாளே, பஹீஜா."

"நிறுத்தட்டும். பேசி என்ன வாழ்ந்துது. நீ பொழுதன்னைக்கும் லிஃப்ட் குழிக்குள்ள போய் ஒளிஞ்சிக்கற. இந்த நடையில மூஞ்சியக் காட்டி வாழறது நானும் புள்ளைங்களும்."

எதிலும் மேற்கொண்டு பேசாத மனிதன் அவன். நல்லவன் என்று பெயர் எடுக்க அது போதும்.

கவ்தர் பள்ளியில் தொந்தரவே இல்லாத பிள்ளை என்று பாராட்டு வாங்கினாள். வீட்டில் அவள் பேசுவது தம்பியிடம் மட்டும்தான். கட்டிலில் போர்வையை மூடிக்கொண்டு அவன் காதில் ஊர்ப்பேச்சில் கதை சொல்வாள். இல்யாஸுக்கு இரண்டு வயது, கதை புரியாது, ஆனால் ஒவ்வொரு தடவையும் இடம் பார்த்துச் சிரிப்பான். போர்வைக்குள்ளிருந்து வரும் கிசுகிசுப்பைக் கேட்டால் பஹீஜா கதவில் தட்டி, ஒழுங்காகப் பேசு என்பாள். உடனே சத்தம் அடங்கிவிடும்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, படியில் எதிர்ப்பட்ட உம்மு தாலா நின்றாள். கவ்தர் இப்போதெல்லாம் எவ்வளவு அடக்கம் என்று பாராட்டினாள். சனிக்கிழமை காலை காபிக்கு வந்துவிடு, உம்மு இல்யாஸ் என்றாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயர். வெள்ளிக்கிழமை முழுக்க மாவு பிசைந்து, நெய் தடவி மடித்து ரொட்டி சுட்டாள். பெட்டியின் அடியில் கிடந்த கல்யாணக் கஃப்தான் அங்கியை எடுத்து வெயிலில் போட்டாள்.

சனிக்கிழமை இல்யாஸுக்குச் சளி. குளிர்காலத்துக் காற்று அந்தப் பாலைவன ஊரிலும் குழந்தையின் நெஞ்சைக் கட்டிவிடும். ராத்திரி தூங்காதவன் காலையில்தான் கண்ணயர்ந்தான். பஹீஜா கட்டில் பக்கத்தில் மின்சாரக் கணப்பை வைத்து, அவன் மேல் இரண்டு போர்வை போர்த்தினாள். போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த அழைப்பு, போகவில்லை என்றால் கர்வம் என்பார்கள். எதிர்வீடுதானே, பத்தடி தூரம்.

கவ்தரைத் தம்பி பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள்.

"தம்பி எழுந்தா வந்து கூப்பிடு. கதவ இழுத்துச் சாத்திட்டு வா, தொறந்து போடாத. ஓடி வராத, கத்தாத. எல்லாரும் இருப்பாங்க. சலாம் சொல்லு, மரியாதயா பேசு. இன்னிக்கு மட்டும் என் மானத்த வாங்கிடாத, என் கண்ணு."

கவ்தர் தலையாட்டினாள்.

எதிர்வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். பஹீஜாவின் ரொட்டியை எல்லாரும் எடுத்தார்கள், இன்னொன்றும் எடுத்தார்கள். கஃப்தானின் சரிகையை நஜ்வா தொட்டுப் பார்த்தாள். உம்மு தாலா தன் பக்கத்தில் இடம் விட்டு உட்கார வைத்து, ஏலக்காய் வாசம் வீசுகிற காபியைத் தன் கையாலேயே ஊற்றினாள். மூன்றாவது கோப்பையின்போது கவ்தர் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

ஓடி வரவில்லை, கத்தவில்லை. சலாம் சொன்னாள். எல்லாரும் பதில் சலாம் சொன்னார்கள். நேராக வந்து அம்மாவின் சரிகைக் கையைப் பிடித்தாள். பிடித்த கை சில்லென்று இருந்தது. தம்பி எழுந்துவிட்டானா என்று பஹீஜா கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். பஹீஜா கண்ணாலேயே ஒரு மிரட்டு மிரட்டினாள். கவ்தர் இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன வேணும் தங்கம்? பெரியம்மாகிட்ட சொல்லு" என்றாள் உம்மு தாலா.

கவ்தர் வாயிலிருந்து கையை எடுத்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, பிழையில்லாமல் சொன்னாள்.

"அல்லா உங்களுக்கு ஆஃபியா தரட்டும், பெரியம்மா."

கூடமே மலர்ந்துவிட்டது. ஒருத்தி கை தட்டினாள். நம்ம ஊர்ப் பிள்ளை மாதிரியே சொல்கிறாளே என்றாள் நஜ்வா. உம்மு தாலா அவளை இழுத்து அணைத்து, குடிவந்த அன்று கொடுத்த அதே கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

"ஒனக்கும் தரட்டும், ஒங்க வீட்டுக்கும் தரட்டும். பாத்தியா உம்மு இல்யாஸ், சொல்லிக் குடுத்தா வராதது உண்டா?"

பஹீஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாதத்து அவமானம் அந்த ஒரு நொடியில் கரைந்தது. பெற்ற வயிறு குளிர்ந்தது என்றே சொல்ல வேண்டும்.

கவ்தர் உம்மு தாலாவின் பிடியிலிருந்து நெளிந்து வெளியே வந்தாள். அம்மாவின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"அல்லா ஆஃபியா தரட்டும்மா. நம்ம வீட்டுக்கு."

"சரிடா, ஆமீன். போ, தம்பிகிட்ட இரு."

அவள் போகவில்லை. அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, தம்பிக்கு, தம்பிக்கு ஆஃபியா என்று இழுத்தாள். ஏதோ நினைவு வந்தவளாக அதை நிறுத்தி, மூச்சை இழுத்து, முதலிலிருந்து முழு வாக்கியமாகச் சொன்னாள். அல்லா தம்பிக்கு ஆஃபியா தரட்டும். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். தம்பிக்குச் சளியல்லவா, அவனுக்கு சுகம் வேண்டுகிறது பாவம் என்றார்கள். என்ன பாசம் என்றார்கள். ஒருத்தி ஒரு இனிப்பை எடுத்துப் பிள்ளையின் கையில் திணித்தாள்.

நஜ்வாதான் முதலில் மூக்கைச் சுளித்தாள். உம்மு தாலா பெருந்தன்மையாகச் சிரித்து, பரவாயில்லை, இன்றைக்கு நல்ல நாள், உம்மு இல்யாஸ் சாம்பிராணி போட்டிருப்பாள், நாங்கள் ஒன்றும் நினைக்கவில்லை என்றாள்.

"இல்லயே, நான் அதத் தூக்கிப் போட்டு நாலு மாசம் ஆச்சே" என்றாள் பஹீஜா. சொல்லிக்கொண்டே மகளைப் பார்த்தாள். கவ்தர் இனிப்பைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கோப்பை எங்கே விழுந்தது என்று பஹீஜாவுக்குத் தெரியாது. பத்தடி தூரம்தான். கதவு இழுத்துச் சாத்தியிருந்தது, சொல்லிக்கொடுத்தபடியே. தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. எதிர்வீட்டுக்குத்தானே என்று சாவியை உள்ளே ஆணியிலேயே விட்டிருந்தாள். கதவின் அடியிலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது. அவள் கதவை அறைந்தாள், தோளால் இடித்தாள். ஆஃபியா, ஆஃபியா என்று கட்டடம் அதிரக் கத்தினாள். மேல்மாடியிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு பையன் அதைக் கேட்டுச் சிரித்தான்.

வாட்ச்மேன் கடப்பாரையோடு மூன்று மாடி ஏறி வர வேண்டியிருந்தது. லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை.

போர்வை நழுவிக் கணப்பின் மேல் விழுந்திருக்கிறது. மெத்தையின் ஒரு மூலையும் திரைச்சீலையும் மட்டும் எரிந்திருந்தன. நெருப்பு இல்யாஸைத் தொடக்கூட இல்லை. புகையே போதுமானதாக இருந்தது.

மூன்று நாள் துக்கத்தை உம்மு தாலா தன் வீட்டில் வைத்து நடத்தினாள். இவர்கள் வீடு உட்கார முடியாதபடி கரியாகக் கிடந்தது. கட்டடத்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். முறை வைத்துச் சமைத்தார்கள், கரியைத் தேய்த்துக் கழுவினார்கள், பஹீஜாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்கள். தாலா தன் பொம்மையைக் கொண்டுவந்து கவ்தருக்கே கொடுத்துவிட்டாள். பஹீஜா கேட்ட நாலு பேர் அல்ல, நாற்பது பேர் அவளைத் தேடி வந்தார்கள். வந்தவர்கள் கிளம்பும்போது அவள் கையைப் பிடித்து, வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், பழக்கத்தில் ஒன்றையே சொன்னார்கள். அல்லா உனக்கு ஆஃபியா தரட்டும், உம்மு இல்யாஸ். அவள் ஒவ்வொருத்திக்கும் ஆமீன் சொன்னாள்.

மிலூத் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

நான்காம் நாள் கழுவிய வீட்டுக்குத் திரும்பினார்கள். சமையலறையில் கவ்தர் தனியாக நின்றபோது பஹீஜா அவளைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளாக நெஞ்சில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லிருந்தா தூக்கிருப்பேனேடி. ஒன் வாயில என்ன இருந்துச்சு? ஏன் சொல்லல?"

கவ்தர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் வலது கை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேனேம்மா. மூணு தடவ சொன்னேன். நீ சொல்லிக் குடுத்த மாதிரியேதான் சொன்னேன்."

பஹீஜாவின் பிடி தளர்ந்தது. கவ்தர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"நடுவுல ஒரு தடவ மட்டும், தம்பிக்கு ஆஃபியான்னு தப்பா சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வாயைத் திறந்து, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.